கல்லாவில் ரிசீவர், கல்லில் மாஸ்டர்: புளியரை ரோட்டுப் பரோட்டா கடையும் சில நீதிபதி ஜனாதிபதிகளும்

கடையின் பெயரை எழுதவில்லை. ஒளித்துவைக்கும் ஆசையில் இல்லை, பெயரே வழக்கில் இருக்கிறது. அப்பா வைத்த பெயர் எனக்குத்தான் என்று அண்ணனும் எனக்குத்தான் என்று தம்பியும் கோர்ட்டுக்குப் போய், அது முடியும்வரை யாரும் அந்தப் பெயரைப் போட்டு வியாபாரம் பண்ணக் கூடாது என்று ஆகி, போர்டின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலில் பார்த்தால் பெயின்டுக்கு அடியில் ஒரு சேவலும் 'பார்டர்' என்ற சொல்லும் லேசாகத் தெரியும். செங்கோட்டையிலிருந்து புளியரை செக்போஸ்ட் போகிற ரோட்டில் வெறும் வெள்ளை போர்டு மாட்டிய கடை இது ஒன்றுதான், கண்டுபிடித்துவிடுவீர்கள்.

போன சனிக்கிழமை பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். "பரோட்டா சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டிருந்தால் வயிறு சரியில்லை என்றிருப்பார். "ரிசீவர் நடத்துற கடையாம் பெரியப்பா" என்றதும் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

ரிசீவர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பாகப்பிரிவினை, கூட்டு வியாபாரச் சண்டை மாதிரி வழக்குகளில் சொத்தை யார் கையிலும் விட்டுவைக்க முடியாத நிலை வந்தால், கோர்ட் ஒரு பொதுவான ஆளை, பெரும்பாலும் ஒரு வக்கீலை, போட்டு அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும். 1908-ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தில் 40-வது ஆணை. அவர் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, அண்ணன் ஆளும் இல்லை, தம்பி ஆளும் இல்லை. வரவு செலவு எழுதி கோர்ட்டில் தாக்கல் பண்ண வேண்டும், அவருடைய அசட்டையால் நஷ்டம் வந்தால் அவர் கையிலிருந்தே ஈடு கட்டச் சொல்வார்கள், அதற்காக ஜாமீனும் வாங்கி வைத்திருப்பார்கள். இதெல்லாம் பெரியப்பா பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள் கத்திக்கொண்டு வந்தது.

உள்ளே நுழைந்ததும் கல்லாவில் பார்த்தோம். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், மேஜையில் ஒரு பச்சை லெட்ஜர், ரெண்டு பேனா. வக்கீல் சாருக்கு ஐம்பது வயது இருக்கும். பரோட்டா கடைக் கல்லாவில் சாமி படம், சில்லறை டப்பா, சோம்புத் தட்டு எல்லாம் இருக்கிற இடத்தில் அந்த மனிதர் தாலுகா ஆபீஸ் கவுன்டர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பில் கார்பன் வைத்து மூன்று காப்பி. நமக்கு வருகிற காப்பியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், 'ரிசீவர்' என்று போட்டுக் கீழே வழக்கு நம்பர். நாலு பரோட்டாவுக்கு வழக்கு நம்பர் போட்ட பில் வாங்கியவன் தமிழ்நாட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துப் பத்திரமாகப் பர்சில் வைத்திருக்கிறேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பரோட்டா நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பார்டர் கடைப் பரோட்டா மதுரைப் பரோட்டா மாதிரி பெரிதாக இருக்காது, உள்ளங்கை அளவு, ஓரம் மொறுமொறுவென்று, நடு மெதுவாக, இலையில் போட்டதும் பிய்த்துச் சால்னாவை ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் ஊறிவிடும். இங்கே அந்தப் பக்குவம் அப்படியே இருக்கிறது. சால்னாவில் தேங்காய் கொஞ்சம் தூக்கல், அது மலைக்கு அந்தப் பக்கத்துக் கைவாசி. நாட்டுக்கோழி பெப்பர் வறுவல்தான் இவர்களுடைய பெருமை. அதில் எனக்குக் குறை உண்டு. மிளகு புதிதாக இடித்தது, வாசனை அருமை, கறிவேப்பிலை தாராளம், ஆனால் துண்டெல்லாம் எலும்புச் சில்லு. கடிக்கிற இடமெல்லாம் நறநற. பிச்சிப்போட்ட கோழி சொன்னால் இந்தத் தொல்லை இல்லை, அதைச் சொல்லுங்கள். காடை காய்ந்து போயிருந்தது. ஆம்லெட் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விலைதான் ஆச்சரியம். பரோட்டா 12 ரூபாய். பக்கத்துக் கடைகளில் எல்லாம் ஏற்றி எவ்வளவோ நாளாகிவிட்டது. ஏன் ஏற்றவில்லை என்று சப்ளை பண்ணுகிற தம்பியிடம் கேட்டால், "உள்ளது உள்ளபடி இருக்கணும்னு ஆர்டர் அண்ணாச்சி" என்கிறான். வழக்கு போட்ட அன்றைக்கு என்ன விலையோ அதே விலை, என்ன மெனுவோ அதே மெனு. பெரியப்பாவுக்குக் கறி தோசை ஆசை. கல்லாவுக்கே போய்க் கேட்டார். வக்கீல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏற்கனவே இருந்த அயிட்டம் மட்டும்தான் சார். புதுசா சேர்க்கணும்னா மெமோ போட்டு பெர்மிஷன் வாங்கணும், அதுக்கு ரெண்டு பார்ட்டியும் அப்ஜெக்ஷன் போடுவாங்க" என்றார். கறி தோசைக்கு ஆட்சேபணை! பெரியப்பா திரும்பி வரும்போது முகத்தில் ஒரு பரம திருப்தி. முப்பது வருஷம் வேலை பார்த்த இடத்துக்கே போய் வந்த மாதிரி.

நாங்கள் போனது ஏழரை மணிக்கு. எட்டு மணிவாக்கில் ஒரு வேன் நிறைய புனலூர்ப் பக்கத்து ஆட்கள், குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு வந்து இறங்கினார்கள். வக்கீல் சார் எழுந்து நின்று "வாங்க, உட்காருங்க" என்று நாலு மேஜையை ஒன்றுசேர்க்கச் சொன்னார். உள்ளேயிருந்து மாஸ்டர் வந்தார். கைலி, தோளில் துண்டு, கையில் மாவு. வேனைப் பார்த்தார். "கோழி தீந்து சாரே. பரோட்டா மட்டும் ஒரு ஆளுக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோழி தீரவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த மேஜைக்கு அப்புறமும் ரெண்டு பிளேட் வந்தது, நானே பார்த்தேன். வக்கீல் சாரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்து லெட்ஜரைத் திறந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், நாளைக்குக் கோழி, மாவு, எண்ணெய் வாங்குகிற கணக்கு. வக்கீல் சார் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், ஒரு வரியில் பேனாவை வைத்தார், எடுத்தார், அப்புறம் கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஏலே, இவரு கையெழுத்துப் போடுதாரு, அவன் கடை நடத்துதான்" என்றார் பெரியப்பா.

எனக்கு அந்த நேரம் குவைத் ஞாபகம் வந்துவிட்டது. இனிமேல் கொஞ்ச நேரம் பரோட்டாவை விட்டுப் போகிறேன், விருப்பமில்லாதவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

2009 கடைசியிலிருந்து ஏழு வருஷம் ஃபஹாஹீலில் இருந்தேன். எங்கள் ஃபோர்மேன் ஒரு மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர். 2013 ஜூலை 3 ராத்திரி கேம்ப் மெஸ்ஸில் டிவி முன்னால் அத்தனை மிஸ்ரிகளும் கூடிவிட்டார்கள். ராணுவத் தளபதி அப்தெல் ஃபத்தா அல் சிசி சீருடையில் வந்து வாசிக்கிறார், பக்கத்தில் அல் அஸ்ஹர் ஷேக்கும் காப்டிக் திருச்சபைத் தலைவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முகமது மோர்சி இனி ஜனாதிபதி இல்லை, அரசியல் சட்டம் நிறுத்திவைப்பு. எங்கள் ஃபோர்மேன் மேஜையைத் தட்டிக் கைகொட்டினார், மூலையில் ரெண்டு பேர் எழுந்து பேசாமல் வெளியே போனார்கள். 'அப்போ ரயீஸ் யாரு?' என்று கேட்டேன். "காதி" என்றார், நம்ம ஊரில் காஜியார் என்கிறோமே, அதே சொல்தான். உச்ச அரசியல்சட்ட நீதிமன்றத்தின் தலைவர், அத்லி மன்சூர், 67 வயது. அடுத்த நாள் பதவியேற்பு. அந்த மனிதர் கோர்ட்டில் தலைவர் நாற்காலிக்கு வந்தே சில நாள்தான். எங்கள் மெஸ்ஸில் இருந்த முப்பது மிஸ்ரிகளில் ஒருத்தருக்கும் அவர் முகம் தெரியாது. "ஜட்ஜ்னா நல்லது, கட்சி கிடையாது" என்று ஃபோர்மேன் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

கட்சி கிடையாது என்பது உண்மைதான். வந்த மறுநாளே அன்றைக்கு மிச்சமிருந்த மேல்சபையைக் கலைத்தார். ஜூலை 8-ல் ஒரு பிரகடனம் வெளியிட்டார், 33 பிரிவு, அதன்படி சட்டம் போடுகிற அதிகாரமும் அவர் கைக்கே வந்தது. நீதிபதி, ஜனாதிபதி, சட்டசபை எல்லாம் ஒரே ஆள். காகிதத்தில் பார்த்தால் எகிப்தில் அவரைவிடப் பலசாலி அந்த வருஷம் கிடையாது. ஆனால் டிவியைப் போட்டால் பாதுகாப்பு மந்திரி முகம்தான், பேக்கரியில் கேக் மேல்கூட அவர் படம்.

ஆகஸ்ட் 14-ஆம் தேதி கெய்ரோவில் ராபா மசூதிப் பக்கம் உட்கார்ந்திருந்த மோர்சி ஆதரவாளர்களைப் போலீசும் ராணுவமும் கலைத்தார்கள். ஒரே நாளில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அன்றைக்கே மன்சூர் பெயரில் ஒரு மாத நெருக்கடி நிலை உத்தரவு, பிறகு அதை இன்னும் ரெண்டு மாசம் நீட்டித்தார்கள். துணை ஜனாதிபதியாக இருந்த எல்பராதேய் அன்றைக்கே ராஜினாமா செய்துவிட்டுப் போனார், மன்சூர் போகவில்லை. எங்கள் ஃபோர்மேனுடைய தங்கை வீடு அந்தப் பக்கம்தான், ரெண்டு நாள் போன் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் மெஸ்ஸில் நியூஸ் சேனல் வைக்கச் சொல்லி அவர் கேட்டதேயில்லை, ஃபுட்பால்தான்.

நவம்பரில் ஊர்வலம் போக முன்கூட்டியே போலீசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்கிற சட்டம், கையெழுத்து மன்சூர். 2014 ஜனவரியில் புது அரசியல் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு, 98 சதவீதத்துக்கு மேல் 'ஆம்', ஓட்டுப்போட வந்தவர்கள் 39 சதவீதம்கூட இல்லை. அந்த மாசக் கடைசியில் சிசியை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்துகிற உத்தரவு, அதிலும் மன்சூர் கையெழுத்துதான். நாட்டின் தலைவர் தன்னை நாற்காலியில் உட்காரவைத்தவருக்கே பதவி உயர்வு கொடுக்கிறார்! கோழிக் கணக்குச் சீட்டில் பேனாவை வைத்து எடுத்த வக்கீல் சார் மாதிரி அவரும் ஒரு நொடி யோசித்திருப்பாரோ என்னவோ.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. மன்சூர் போகச் சொன்ன அன்றைக்குப் போனார். 2014 மே கடைசியில் தேர்தல், சிசிக்கு 96 சதவீதத்துக்கு மேல். ஜூன் 8-ஆம் தேதி ஒரு ஒப்படைப்புப் பத்திரத்தில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், எகிப்தில் ஒரு ஜனாதிபதி அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. பிறகு நேராகத் தன் கோர்ட்டுக்கே திரும்பி 2016-ல் ரிட்டயர் ஆகும்வரை அதே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தான் போட்ட சட்டங்கள் செல்லுமா செல்லாதா என்று கேட்டு யாராவது வந்தால் விசாரிக்க வேண்டிய கோர்ட் அது. இதைச் சொன்னபோது பெரியப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அதெப்படி, தான் எழுதின தஸ்தாவேஜைத் தானே செல்லும்னு தீர்ப்புச் சொல்லவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, அதற்குள் ரெண்டாவது ரவுண்டு சால்னா வந்துவிட்டது. (ரெண்டாவது சால்னாவுக்குக் காசு இல்லை. வழக்கு போட்ட அன்றைக்கும் இல்லையாம்.)

நம் நாட்டிலும் ஒரு நீதிபதி அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார், ஆனால் அது வேறு கதை. 1969 மே மாசம் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே இறந்துபோக, துணை ஜனாதிபதி வி.வி. கிரி பார்த்துக்கொண்டார். அவரும் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டு ஜூலை 20-ல் விலகிவிட்டார், அப்புறம் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை இருந்தார். மனிதன் நிலாவில் இறங்கிய அதே ஜூலை 20. நிக்சன் டெல்லிக்கு வந்தபோது வரவேற்ற ஜனாதிபதி இவர்தான். இதற்கென்றே அந்த வருஷம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது, ரெண்டு பேரும் இல்லாவிட்டால் தலைமை நீதிபதி, அவரும் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி என்று. சட்டம் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார், துப்பாக்கி எங்கேயும் இல்லை. பெரியப்பாவுக்கு அந்த முப்பத்தைந்து நாளும் மனப்பாடம், அப்போது அவர் எஸ்.எஸ்.எல்.சி.

பிரேசிலில் 1945-ல் நடந்தது எனக்குப் பிடித்த கதை. ஜனாதிபதி வர்காஸை ராணுவம் இறக்கிவிட்டு உச்ச நீதிமன்றத் தலைவர் ஜோசே லின்யாரெஸைக் கொண்டுவந்து வைத்தது, மூணு மாசம். அந்த மூணு மாசத்துக்குள் சொந்தக்காரர்களுக்கு அவர் போட்டுக்கொடுத்த வேலைகளைப் பார்த்து, லின்யாரெஸ் குடும்பத்தார் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் எதுகை மோனையோடு கிண்டல் பண்ணினார்கள். நம் வக்கீல் சார் அந்த விஷயத்தில் சுத்தம். கடையில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் மாஸ்டருடைய சொந்தக்காரர்கள்.

என் ரூமில் ஒரு பங்களாதேஷ்காரர் இருந்தார், ரங்பூர். எங்கள் ஊர் ஆள் ஒருத்தர் ஜனாதிபதியாக இருந்தார் என்று பெருமையாக ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, கடைசியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த ஆள் அபு சதாத் முகமது சயீம். புது நாட்டின் முதல் தலைமை நீதிபதி. 1975 ஆகஸ்ட் 15-ல் ஜனாதிபதி முஜிபுர் ரகுமானைக் குடும்பத்தோடு கொன்றார்கள், நவம்பர் 3-ல் ராணுவத்துக்குள்ளேயே இன்னொரு புரட்சி, 6-ஆம் தேதி சயீமைக் கூட்டிவந்து ஜனாதிபதி ஆக்கினார்கள். அவரைக் கொண்டுவந்த ஜெனரலை மறுநாளே, 7-ஆம் தேதி, அவருடைய சிப்பாய்களே கொன்றுவிட்டார்கள். உட்காரவைத்தவன் செத்துப்போனான், உட்கார்ந்தவர் அப்படியே இருக்கிறார்! புதிதாக வந்த ஜெனரல் ஜியாவுர் ரகுமானுக்கும் அந்த நாற்காலியில் ஒரு நீதிபதி இருப்பது வசதியாகவே இருந்திருக்கிறது.

சயீம் ஜனாதிபதி மட்டுமில்லை, ராணுவச் சட்டத்தின் தலைமை நிர்வாகியும் அவரே. முப்படைத் தளபதிகளும் அவருக்குத் துணை நிர்வாகிகள். வாழ்நாளெல்லாம் கறுப்பு கவுன் போட்ட மனிதருக்கு இப்படி ஒரு பட்டம். 1977 பிப்ரவரியில் தேர்தல் நடத்துவேன் என்று சொல்லியிருந்தார். 1976 நவம்பரில் தேர்தல் தள்ளிவைப்பு, அதே மாசக் கடைசியில் ராணுவச் சட்ட நிர்வாகம் ஜியா கைக்குப் போனது, 1977 ஏப்ரல் 21-ல் 'உடல்நலம் சரியில்லை' என்று ஜனாதிபதி பதவியும் போனது. கல்லாச் சாவி முதலில், கல்லா பிறகு. 1982-ல் ராணுவத் தளபதி எர்ஷாத் இதையே இன்னும் சுருக்கமாகப் பண்ணினார். மார்ச் 24-ல் ஆட்சியைப் பிடித்து, 27-ல் அஹ்சானுத்தீன் சவுத்ரி என்கிற ரிட்டயர்டு நீதிபதியை ஜனாதிபதியாக வைத்து, அடுத்த வருஷம் டிசம்பரில் எழுந்திருங்கள் என்று சொல்லித் தானே உட்கார்ந்துகொண்டார்.

இதில் பெரியப்பாவுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தது சினிமாக் கொட்டகைக் கதை. பழைய டாக்காவில் மூன் சினிமா என்று ஒரு தியேட்டர். 1971 போருக்குப் பிறகு ஆளில்லாத சொத்து என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சொந்தக்காரக் கம்பெனி திருப்பிக் கேட்டு நடையாய் நடந்தது. 1977-ல் போட்ட ஒரு ராணுவச் சட்ட விதி குறுக்கே நிற்கிறது, அந்த மாதிரி விதிகள் எல்லாம் செல்லும் என்று 1979-ல் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் வேறு முத்திரை குத்திவிட்டது. தியேட்டர் வேண்டுமென்றால் அந்தத் திருத்தத்தையே உடைக்க வேண்டும். 2000-ல் வழக்குப் போட்டார்கள். 2005 ஆகஸ்டில் டாக்கா உயர் நீதிமன்றம் உடைத்தேவிட்டது. முஜிப் கொலைக்குப் பிறகு உடனே ஜனாதிபதியான முஷ்டாக், அடுத்து சயீம், ஜியா மூன்று பேரும் பதவிக்கு வந்ததே சட்ட விரோதம் என்று தீர்ப்பு. 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அது நின்றது, அந்தச் செய்தி டிவியில் ஓடியபோதுதான் ரங்பூர்க்காரர் முதல்முதலாக இதை எனக்குச் சொன்னார். தலைமை நீதிபதியாக இருந்த மனிதர் ஜனாதிபதியானது செல்லாது என்று அவர் உட்கார்ந்திருந்த அதே நீதிமன்றம் சொல்கிறது, முப்பது வருஷம் கழித்து, ஒரு தியேட்டருக்காக. சயீம் 1997-லேயே போய்விட்டார்.

பெரியப்பா இலையை மடக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "கொட்டகை கிடைச்சுதா?" என்றார். அவருடைய முதல் கேள்வி அதுதான். கட்சிக்காரன் ஜெயித்தானா என்பதைத் தாண்டி அவருக்கு எதுவும் பெரிதில்லை. அப்புறம் கல்லாப் பக்கம் பார்த்துக்கொண்டே, "இவருக்கு மேல கேக்கதுக்கு ஆளு இருக்குலா. வாய்தாவுக்கு வாய்தா கணக்கு கொடுக்கணும். கோழி தீந்துன்னு சொல்லிட்டு ரெண்டு பிளேட் வித்தான்னு நாளைக்கு தம்பிக்காரன் ஒரு மனு போட்டா இவரு பதில் சொல்லியாகணும். நீ சொல்லுதியே அந்த எகிப்துக்காரரு, அவரு கணக்கை எந்தக் கோர்ட்டுல தாக்கல் பண்ணுவாரு? அவரே கோர்ட்டு" என்றார்.

அதற்குத்தான் நீதிபதியைத் தேடிப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தளபதிக்கு ஆள் வேண்டுமென்றால் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ஆனால் நடந்தது சரியா என்று கேட்கக்கூடிய ஒரே நாற்காலியிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டுவந்து இந்த நாற்காலியில் வைத்துவிட்டால், அந்த நாற்காலி கேள்வி கேட்காது. கட்சி இல்லாதவர், கை சுத்தமானவர், சட்டம் தெரிந்தவர் என்பதெல்லாம் வெளியே சொல்கிற காரணம், அதில் பொய்யும் இல்லை. சுத்தமான கை என்பதால்தான் அந்தக் கையெழுத்துக்கு விலை. எங்கள் ஃபோர்மேன் டீ வாங்கிக்கொடுத்ததும் அந்த விலைக்குத்தான்.

பெரியப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னே யாரை உக்கார வைக்கச் சொல்லுத? அன்னைக்கு ராத்திரி அந்த மனுஷன் மாட்டேன்னு சொல்லியிருந்தா தளபதியே உக்காந்திருப்பான். அது தேவலையா?" என்றார். பணம் கட்டி வெளியே வந்து, வெற்றிலை வாங்கி, பைக்கை எடுக்கிறவரை இதே சண்டை. தேவலை என்றேன் நான். அப்படியென்றால் குறைந்தபட்சம் கடை யாருடையது என்று வாசலிலேயே தெரியும், போர்டில் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. "போலே, கலைக்கிறதுக்கு முன்னால யோசிக்கவாவது ஒரு ஆளு வேணும்லா" என்றார். ராபா அன்றைக்கு யோசித்த மாதிரி தெரியவில்லையே என்று சொல்ல வாய் வந்தது, பெரிய மனுஷரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பில் கட்டும்போது வக்கீல் சாரிடம் கொஞ்சம் பேசினோம். பெரியப்பா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மாஸ்டருக்குச் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறாராம், கூட்டாவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவேன் என்கிறாராம், போய்விட்டால் கடையை ஒரு நாள்கூட நடத்த முடியாது, கூட்டினால் அண்ணன் தம்பி ரெண்டு பேருமே சேர்ந்து ஆட்சேபணை போடுவார்கள், அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்கு ஒற்றுமை. "எனக்கு பரோட்டா பிடிக்கவும் செய்யாது சார். வீட்டுல இட்லிதான்" என்று சிரித்தார். நல்ல மனிதர். சில்லறையை எண்ணி எண்ணித் தந்தார், அஞ்சு ரூபாய் டிப்ஸ் வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், லெட்ஜரில் அதற்குக் காலம் இல்லையாம். சப்ளை தம்பி அந்த அஞ்சு ரூபாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தம்பிகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் கல்லாவில் வைக்காதீர்கள், கையில் கொடுத்துவிடுங்கள்.

போகிறவர்களுக்கு. எட்டு மணிக்கு முன்னால் போங்கள், மாஸ்டர் மனசு மாறுவதற்குள். வேனில் கூட்டமாகப் போகாதீர்கள், ரெண்டு மூணு பேராகப் போனால் கோழி தீராது. பரோட்டா, பிச்சிப்போட்ட கோழி, முடிந்தால் மாஸ்டர் கண்ணில் படுகிற மாதிரி கல்லுப் பக்கத்து மேஜை. கை கழுவுகிற இடம் சுமார், பைப் ஒன்று ஒழுகுகிறது, அதை மாற்றவும் மெமோ போட்டிருக்கிறார்களாம். கார்டு, ஸ்கேன் எதுவும் கிடையாது, யார் பெயரில் அக்கவுன்ட் திறப்பது என்கிற பிரச்சினை. ரொக்கம் கொண்டுபோங்கள். குற்றாலம் சீசனில் ஞாயிற்றுக்கிழமை தவிருங்கள். என் கணக்கில் பரோட்டாவுக்கு அஞ்சுக்கு நாலு, பெப்பர் வறுவலுக்கு ரெண்டு, கல்லாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. மாஸ்டருக்கு மார்க் போடவில்லை, மறுபடி போக வேண்டியிருக்கிறது.

அடுத்த வாய்தா வருகிற மாசம். அண்ணன் தம்பி சமாதானம் ஆகிவிட்டால் வக்கீல் சார் லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், விலையும் அன்றைக்கே ஏறிவிடும். வழக்கு நம்பர் போட்ட பில் வேண்டுமென்பவர்கள் அதற்குள் போய்விடுங்கள். பெரியப்பா இதுவரை ரெண்டு தடவை தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறார், பெரியம்மாவுக்குத் தெரியாது.